நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு: கொடையும் கடமையும்

இக்காலத்து நாளிதழ்களில் அடிக்கடி தென்படும் தொடர்களுள் ஒன்று 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்பதாகும். அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவரிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலிலும், பேருந்து நிழற்குடையின் நெற்றியிலும் 'சி.எஸ்.ஆர். நிதியில் கட்டப்பட்டது' என்னும் பலகையைக் காண்கிறோம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் இன்று கம்பெனிகளில் பணிபுரிகின்றனர். கடையும் சிறுதொழிலும் நடத்துவோர் உளர். பங்குகள் வாங்கி வைத்திருப்போரும் உளர். ஆயினும் இத்தொடரின் பொருள் யாது, இது சட்டமா அறமா, தானமா கடமையா என்று வினவினால், தெளிவாக விடை கூறுவோர் சிலரே. ஆகவே இவ்விதழில் இதனையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் விதி. நமக்குத் தெரிந்தது பலகை. அப்பலகைக்குப் பின்னுள்ள சட்டத்தை முதலில் காண்போம்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. அது 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய்க்குக் குறையாதிருந்தாலோ, ஆண்டு விற்றுமுதல் 1000 கோடிக்குக் குறையாதிருந்தாலோ, நிகர இலாபம் 5 கோடிக்குக் குறையாதிருந்தாலோ அக்கம்பெனி இப்பிரிவுக்கு உட்படும் என அச்சட்டம் வகுத்தது. மூன்றும் ஒருங்கே அமைய வேண்டுவதில்லை; ஒன்று போதும். அவ்வாறு உட்பட்ட கம்பெனி, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

கணக்காகப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு கம்பெனியின் நிகர இலாபம் முதலாண்டு 6 கோடி, இரண்டாமாண்டு 9 கோடி, மூன்றாமாண்டு 12 கோடி என்க. மூன்றும் சேர்ந்து 27 கோடி. சராசரி 9 கோடி. அதில் 2 விழுக்காடு 18 இலட்சம். நான்காமாண்டில் அக்கம்பெனி செலவிட வேண்டிய தொகை இதுவே. இலாபத்தின் மீது கணக்கிடுவதே அன்றி, விற்பனையின் மீது கணக்கிடுவதன்று என்பதைப் பிள்ளைகள் நினைவிற்கொள்ள வேண்டும். தேர்வில் இங்கேதான் பிழை செய்கின்றனர்.

எவ்வகைப் பணிகளுக்குச் செலவிடலாம் என்பதை அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை கூறுகிறது. பசி, வறுமை ஒழித்தல், மருத்துவம், தூய்மை, கல்வி, பெண்கள் முன்னேற்றம், சுற்றுச்சூழல், பண்பாட்டுச் சின்னங்களைக் காத்தல் முதலியன அதில் உள. விலங்கு நலமும் அதில் இடம்பெற்றிருப்பது நம்மவர் மகிழத்தக்கது. உணவு, மருந்து, நூல், அபயம் என்று நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களையும் அவ்வட்டவணையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கிற்கும் அங்கே இடமிருக்கக் காண்பீர்கள். மேலும், தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. உருக்காலை போன்ற பேராலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் சமூகப் பொறுப்புப் பணி என்ற பேச்சு மிகுதியாக வழங்குவதற்கு இதுவே காரணம்.

தொடக்கத்தில், செலவிடாத கம்பெனி அதற்கான காரணத்தை அறிக்கையில் எழுதினால் போதும் என்றிருந்தது. காரணம் எழுதுவது எளிதன்றோ! 2021 ஜனவரியில் இது மாற்றப்பட்டது. தொடர்ந்து நடைபெறும் திட்டத்தில் மிஞ்சிய பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். பிறவகையில் மிஞ்சியதை ஆறு மாதத்துக்குள் அட்டவணையிற் கூறிய அரசு நிதிகளுள் ஒன்றிற் சேர்க்க வேண்டும். தவறினால் தண்டத்தொகை உண்டு. இவ்வாறு சட்டமியற்றியதில் உலகிலேயே நம் நாடுதான் முதலாவது என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். தமிழர் வாழும் மொரீசியஸ் தீவு 2009ஆம் ஆண்டிலேயே இலாபத்தில் 2 விழுக்காடு என்று விதித்துவிட்டது. பெருமை பேசுவோர் இதனையும் அறிந்து பேசுதல் நன்று.

இனி, எவை இக்கணக்கில் சேரா என்பதைப் பார்ப்போம். பாடத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. கம்பெனி தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது சேராது. அரசியல் கட்சிக்குக் கொடுப்பது சேராது. தன் ஊழியர்க்கும் அவர்தம் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படுவது சேராது. வேறு எந்தச் சட்டத்தின்படியாவது செய்தே ஆகவேண்டிய கடமையும் சேராது. கழிவுநீரைத் தூய்மை செய்ய ஆலை போட்ட செலவைச் 'சமூகப் பொறுப்பு' என்று எழுதிக்கொள்ள இயலாது. அது முன்னரே உள்ள கடமை.

இவ்விதிகள் சரியானவையே. ஆயினும் இவற்றால் ஒரு மயக்கமும் விளைகிறது. ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா இரும்பாலையில் 1912ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தனர். 1920இல் தொழிலாளர்க்குச் சேமநிதியும், 1928இல் பெண் தொழிலாளர்க்கு மகப்பேற்று உதவியும் ஏற்படுத்தினர். நாடு முழுவதற்குமான தொழிற்சாலைச் சட்டம் 1948இலும், வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இலும், மகப்பேற்று நலச் சட்டம் 1961இலும்தான் வந்தன. (அந்த ஆலையிலும் 1920களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும், குறையே இல்லாத ஆலை எங்கும் இல்லை.) சட்டம் கட்டாயப்படுத்துவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே தாமாகச் செய்த இந்நற்செயல்களை 135ஆம் பிரிவின் கணக்கில் வைத்தால் என்ன கிடைக்கும்? ஒரு காசும் கிடையாது. அவை ஊழியர்க்கு மட்டும் பயன்பட்டவை. பேருந்து நிழற்குடைக்குக் கணக்குண்டு. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கில்லை.

ஏனெனில் அப்பிரிவு அளப்பது, ஈட்டியபின் கொடுத்ததை மட்டுமே. எவ்வாறு ஈட்டினர் என்பதை அது அளப்பதில்லை. நூற்றில் இரண்டு எங்கே சென்றது என்று காட்டுமே தவிர, அந்த நூறு எவ்வழியில் வந்தது என்று காட்டாது. சமூகப் பொறுப்பு என்றாலே இரண்டு விழுக்காடுதான் என்று எண்ணுவது இதனால் வரும் மயக்கம்.

இது குறித்து அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதம் உண்டு. அமெரிக்கப் பொருளியலார் ஹோவர்டு போவன் 1953ஆம் ஆண்டில் வணிகரின் சமூகப் பொறுப்புகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். மில்டன் ஃபிரீட்மன் 1970இல் அதனை மறுப்பது போல், சட்டத்துக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் பொறுப்பு என்று வாதிட்டார். நம் நாட்டில் காந்தியடிகள், செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், அறங்காவலரே என்றார். பிற்காலத்தார் 'பங்குதாரர்' என்பதோடு 'தொடர்புடையோர்' என்னும் சொல்லையும் வழக்கிற்குக் கொண்டுவந்தனர். பணம் போட்டவர் பங்குதாரர். தொழிலாளி, மூலப்பொருள் தரும் உழவர், வாங்கி உண்பவர், ஆலைப்புகையைச் சுவாசிக்கும் அண்டை வீட்டார் ஆகிய அனைவரும் தொடர்புடையோர். இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது கடினமன்று.

பேராலைகளை விட்டு, ஓமலூரில் நாம் நாள்தோறும் காணும் ஒரு தொழிலுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். ஓமலூர், காமலாபுரம் சுற்றுவட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் பல உண்டு. இவை சிறுதொழில்கள், 135ஆம் பிரிவின் நிழலும் இவற்றின்மீது படாது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, சுண்ணாம்புநீர் சேர்த்து அழுக்கை நுரையாக எடுத்து, பாகுபதம் வரும்வரை காய்ச்சி, உருண்டையாகவோ அச்சாகவோ செய்வது தொன்றுதொட்ட முறை. அவ்வாறு செய்த வெல்லம் பழுப்பு நிறமாக இருக்கும். சந்தையில் வாங்குவோர் விரும்புவதோ வெளிர்மஞ்சள் நிறம். அந்நிறம் வருவதற்காக ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கலப்பவர் உண்டு. எடை கூடுவதற்காக வெள்ளைச் சர்க்கரையைக் கொப்பரையிற் கொட்டுபவரும் உண்டு. பண்டிகைகளுக்கு முன்பு உணவுப் பாதுகாப்புத் துறையினர் நம் வட்டாரத்து ஆலைகளைச் சோதித்துச் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இதற்குத் துணைநிற்கிறது.

எல்லா ஆலையாரும் அவ்வாறு செய்பவர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கலப்படம் செய்யாதவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருடைய வெல்லம் கறுத்திருக்கிறது என்று மண்டியில் விலை குறைத்துக் கேட்கின்றனர். மளிகைக் கடைக்காரரோ, மஞ்சளாக இருந்தால்தான் விற்கும் என்கிறார். தாய்மார்களாகிய நாமும் பொங்கலுக்கு வாங்கும்போது, 'நல்ல நிறமாகக் கொடுங்கள்' என்றுதான் கேட்கிறோம். உண்மையாகத் தொழில் செய்பவர் அதற்காக நட்டமடைகிறார். அவ்வாலை ஒரு பள்ளிக்கும் நாற்காலி வாங்கித் தந்ததில்லை. எந்தப் பலகையிலும் அதன் பெயர் இல்லை. ஆயினும் சமூகப் பொறுப்பு என்னும் சொல்லுக்கு முழுத் தகுதியுடையது அந்த ஆலையே என்பது என் கருத்து.

ஜவ்வரிசியின் கதையும் இதனைப் போன்றதே. கிழங்கு வகைகளை விலக்கும் வீடுகளில் மரவள்ளியிலிருந்து வரும் இப்பொருளுக்கு இடமிராது. ஆனால் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டத்து உழவர் பலர்க்கு, இங்கே குச்சிக்கிழங்கு எனப்படும் அதுவே பிழைப்பு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு மாவு வரவு தடைப்பட்டபோது சேலத்தில் வேரூன்றிய தொழில் இது. 1981இல் ஆலையார் ஒன்றுகூடி 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விளையும் ஜவ்வரிசியின் பெரும்பகுதி வட மாநிலங்களுக்குச் செல்கிறது. மகாராட்டிரம் போன்ற இடங்களில் அதனை விரத நாளில் உண்கின்றனர். அங்கும் வெண்மை மோகம் உண்டு. அதற்காக வெளுக்கும் இரசாயனங்களைக் கலந்தமைக்காக இங்கே நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. விரதத்துக்கென்று ஒருவர் தூய மனத்தோடு உண்ணும் உணவில் வெளுப்புப் பொருளைச் சேர்ப்பதை என்னென்பது!

அத்தொழிலில் மற்றொரு சிக்கல் கழிவுநீர். கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவைத்தபின் வடியும் நீர் மிகுதி. புளித்து நாறும் அந்நீரை ஓடையில் விட்டால் கிணறுகள் கெடும். பிற்காலத்தில் ஆலைகள் பல அந்நீரை மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கத் தொடங்கின. நாற்றமும் குறைந்தது, எரிபொருட் செலவும் குறைந்தது. எஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகிறது. பொறுப்போடு நடந்தால் நட்டம்தான் என்று கூறுவோர்க்கு இது தக்க விடை.

சிறு ஆலைகளைச் சொல்லிவிட்டுப் பேராலைகளைச் சொல்லாமல் விடுதல் நடுநிலையாகாது. நம் மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலை 1990களில் ஸ்டெர்லைட் குழுமத்தின் வசம் வந்தது. அதே குழுமம் தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்தியது. சுற்றுச்சூழலை மாசுபடுத்தியதற்காக 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவ்வாலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே மாதம் ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின்போது நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதமே அரசு ஆலையை மூட ஆணையிட்டது. அதனை எதிர்த்த நிறுவனத்தின் மனுவை 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு பழைய பொருள் கடையில் கண்டெடுக்கப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016இல்தான். இடையில் கழிந்தவை பதினைந்து ஆண்டுகள். இத்தகைய பெருநிறுவனங்கள் நலத்திட்டங்களும் நடத்துகின்றன. அவற்றால் பயனடைந்தோரும் உளர். நலத்திட்டம் பொய்யன்று. ஆனால் ஒரு கணக்கில் எழுதிய வரவு மற்றொரு கணக்கின் கடனைத் தீர்க்காது.

இவ்விடத்தில் நம் நூல்களில் உள்ள ஒரு வரிசைமுறையைக் குறிப்பிடுதல் பொருந்தும். 13ஆம் நூற்றாண்டினரான பண்டித ஆசாதரர், சாகார தர்மாமிருதத்தில் இல்லறத்தான் தகுதிகளைக் கூறுமிடத்து, நியாய வழியில் பொருளீட்டுதலை முதலில் வைத்தார். தானம் பின்னரே பேசப்படும். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து கூறப்பட்டுள்ளன. களவுக்குத் தூண்டுதல், களவாடிய பொருளை வாங்குதல், அரச நெறிக்கு மாறாக நடத்தல், அளவிலும் நிறையிலும் வஞ்சித்தல், போலிப் பொருள் கலந்து விற்றல் என்பன அவை. ஐந்தும் கடைவீதியில் நிகழ்வன என்பதை நோக்குக. கொல்லாமைக்குரிய குற்றங்களுள் மிகுபாரம் ஏற்றுதலும், உணவும் நீரும் மறுத்தலும் உள்ளன. வண்டிமாட்டை எண்ணி வகுத்ததை, பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைக்கப்படும் துணிக்கடைப் பெண்ணுக்கும் பொருத்திப் பார்க்கத் தடையில்லை. தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்க்கு அமரும் இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டத்திருத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது.

இனி நடைமுறைக்குச் சில குறிப்புகள். நம்மில் ஆசிரியர் பலர், தலைமையாசிரியராகவும் இருப்பீர்கள். ஒரு நிறுவனம் பள்ளிக்கு உதவ முன்வந்தால் மகிழ்வுடன் ஏற்கலாம். ஆனால் மூன்று வினாக்களைக் கேட்டுவிட்டு ஏற்க வேண்டும். எங்களுக்குத் தேவையானது எது என்று எங்களைக் கேட்டீர்களா? முதலாண்டுக்குப் பின் பராமரிப்பது யார்? செலவு எவ்வளவு என்பதை எழுதித் தருவீர்களா? நான் அறிந்த ஒரு பள்ளிக்கு ஒரு கம்பெனி குடிநீர்த் தூய்மைக் கருவி வழங்கியது. திறப்புவிழாவுக்கு மாலையும் மேளமும் வந்தன. ஓராண்டுக்குள் வடிகட்டி மாற்ற வேண்டியிருந்தபோது அதற்குப் பொறுப்பானவர் எவர் என்றே தெரியவில்லை. பிள்ளைகள் மீண்டும் மண்பானைக்கே சென்றனர். பலகை மட்டும் பளபளப்பாக இருந்தது. கருவியை விட வடிகட்டிக்கான பணமே அங்கு வேண்டியிருந்தது.

பங்கு வைத்திருப்போர் ஆண்டறிக்கையைப் பிரிக்காமல் பரணில் போட வேண்டா. அதில் சமூகப் பொறுப்பு குறித்த இணைப்பு ஒன்று இருக்கும். செலவிட வேண்டியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, எந்த மாவட்டத்தில் என்பன அதிற் காணப்படும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெருநிறுவனங்களுள் முதல் 1000 நிறுவனங்கள், 2022-23ஆம் நிதியாண்டு முதல் மற்றோர் அறிக்கையும் தரவேண்டும் என்று செபி அமைப்பு விதித்தது. தண்ணீர் எவ்வளவு எடுத்தனர், கழிவை என்ன செய்தனர், பணியிடத்தில் விபத்துகள் எத்தனை, ஆண் பெண் ஊதியம் எவ்வாறு என்றெல்லாம் அதில் கேட்கப்படுகிறது. முன்னது கொடையின் கணக்கு. பின்னது ஈட்டிய வழியின் கணக்கு. இரண்டில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் பின்னதைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பீராயின், வீட்டில் வணிகவியல் படிக்கும் பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்க்கும் அது பாடமாகும்.

மாணவர்க்குப் பயிற்சி: ஒரு கம்பெனியின் நிகர இலாபம் அடுத்தடுத்த மூன்றாண்டுகளில் 3 கோடி, 4 கோடி, 11 கோடி எனில், நான்காமாண்டில் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொகை எவ்வளவு? உங்கள் ஊரில் உள்ள சி.எஸ்.ஆர். பலகை ஒன்றைக் கண்டு, அதிலுள்ள ஆண்டையும், அப்பொருள் இன்று பயன்பாட்டில் உள்ளதா என்பதையும் குறித்து வருக. மளிகைக் கடையில் பழுப்பு வெல்லத்துக்கும் மஞ்சள் வெல்லத்துக்கும் விலை வேறுபாட்டைக் கேட்டு, கடைக்காரர் கூறும் காரணத்தையும் எழுதுக. விடைகளை இதழாசிரியர்க்கு அனுப்பலாம். மூன்றாம் வினாவுக்கான விடைகளையே நான் மிகவும் எதிர்நோக்கியிருக்கிறேன்.